கண்டெடுத்தவர் யார்?

தமிழ் இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்று ஒன்று உண்டு. மரம் வெட்டப்பட்டது, வீடு கட்டப்பட்டது என்று எழுதலாம். வெட்டியவன் யார், கட்டியவன் யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வினையின் மீது நெடுநாள் சந்தேகம். ஆளை மறைக்க வேண்டிய இடத்தில்தான் அது அடிக்கடி தலைகாட்டுகிறது.

மனித குலத்தின் தோற்றத்தைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். 1984-ல் கென்யாவில், துர்க்கானா ஏரியின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பையனின் எலும்புக்கூடு 'கண்டெடுக்கப்பட்டது' என்று இருக்கும். ஆதி மனிதனின் எலும்புக்கூடு அவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அபூர்வம். சரி, யாரால் கண்டெடுக்கப்பட்டது?

அவர் பெயர் கமோயா கிமேயு. கென்யாவின் கம்பா இனத்தவர். ஆரம்பப் பள்ளியோடு அவர் படிப்பு நின்றது. இறந்தவர்களின் எலும்பைத் தொடுவது தகாது என்று கருதும் சமூகத்தில் பிறந்தவர். 1960-ல், இன்றைய தான்சானியாவிலுள்ள ஓல்டுவாய் பள்ளத்தாக்கில், லூயி லீக்கி, மேரி லீக்கி தம்பதியிடம் மண் தோண்டும் வேலைக்குச் சேர்ந்தார். 1964-ல் பெனின்ஜ் என்ற இடத்தில் ஆதி மனித இனமொன்றின் தாடை எலும்பைக் கண்டார். 1967-ல் எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றங்கரையில் அவர் கண்ட எலும்புகள் நம்முடைய இனத்தையே சேர்ந்தவை. அவற்றின் வயது 2 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று 2022-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். 1984-ல் அந்தப் பையன். இத்தனையும் ஒரே மனிதரின் கண்ணில் பட்டவை!

"கண்ணில் பட்டது அதிர்ஷ்டம், அதற்குப் பொருள் சொன்னதுதான் விஞ்ஞானம்" என்று சிலர் வாதாடக்கூடும். இந்த வாதத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பையனின் எலும்புக்கூட்டில் முதலில் அகப்பட்டது என்ன தெரியுமா? தீப்பெட்டி அளவில் ஒரு மண்டையோட்டுச் சில்லு. சுற்றிலும் அதே நிறத்தில் ஆயிரமாயிரம் கூழாங்கற்கள். கொளுத்தும் வெயிலில் நடந்துகொண்டே அந்தச் சில்லைக் கல்லிலிருந்து பிரித்தறிய வேண்டும். அது மானுடையதல்ல, குரங்குடையதல்ல என்று அதன் வளைவை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். ஒருமுறை நேர்ந்தால் அதிர்ஷ்டம் என்கலாம். இருபது வருஷத்துக்கு மேலாக நேர்ந்துகொண்டே இருந்தால் அதற்குப் பெயர் அறிவு. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அந்த எலும்புக்கூட்டைப் பற்றி 1985-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் நால்வர். நால்வரில் கமோயா இல்லை.

"பட்டம் இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது?" என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்விதான். அந்த நால்வரில் ஒருவர் ரிச்சர்டு லீக்கி. லூயி, மேரி தம்பதியின் மகன். அவரும் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். ஆனால் உலகம் அவரை விஞ்ஞானி என்றது; கமோயாவை எலும்பு தேடுகிறவர் என்றது. அப்படியானால் தடுத்தது பட்டமா? சொல்லுங்கள்! ஒருவர் பிறந்த வீட்டில் விஞ்ஞானிகள் இருந்தார்கள். மற்றவர் பிறந்த வீட்டில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ரிச்சர்டு லீக்கியை நான் தூற்றவில்லை. அவர் கமோயாவை மனமாரப் பாராட்டியவர். அவரிடம் இருந்த உழைப்பும் துணிச்சலும் சாமானியமல்ல. குற்றம் ஓர் ஆளுடையது என்றால் எளிதாகத் தீர்ந்துபோகும். இது ஒரு பழக்கத்தின் குற்றம். கமோயா தலைமையில் எலும்பு தேடிய கென்யர்களின் குழுவுக்கு 'ஹோமினிட் கேங்' என்று பெயர் வைத்தார்கள். செல்லமாக வைத்த பெயர்தான். ஆனால் ரயில் பாதையில் கல் கொட்டுகிறவர்களையும் நாம் கேங் என்றுதான் சொல்கிறோம். விஞ்ஞானிகள் நால்வர் சேர்ந்தால் அதற்குக் 'குழு' என்று கௌரவமான பெயர் கிடைக்கிறது. கறுப்பு மனிதர்கள் நால்வர் சேர்ந்தால் 'கேங்' ஆகிவிடுகிறது.

கமோயாவுக்குக் கௌரவமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. 1985-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் வெள்ளை மாளிகையில் அவருக்குப் பதக்கம் அளித்தார். ஒரு புராதனக் குரங்கினத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 2021-ல் ஓர் அமெரிக்க சர்வகலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. வேலையில் சேர்ந்து 61 வருஷங்களுக்குப் பிறகு! மறு வருஷம், 2022 ஜூலையில் அவர் காலமானார்.

பதக்கம் வேறு, பங்கு வேறு. பதக்கம் என்பது மேலே இருப்பவர் மனமிரங்கித் தருவது. பங்கு என்பது உழைத்தவனுக்கு உரிமையாகச் சேர வேண்டியது. பங்கைக் கொடுக்க மனமில்லாத இடத்தில்தான் பதக்கம் தாராளமாகக் கிடைக்கிறது.

மனிதர் அனைவரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று உலகுக்குச் சொல்லும் சாஸ்திரம் இது. அந்தச் சாஸ்திரத்துக்குள்ளேயே மேல் வரிசை, கீழ் வரிசை என்று பந்தி பிரித்தால் அதன் முடிவை யார் மதிப்பார்கள்? ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமல்ல. சின்ன இலக்கணத் திருத்தம்தான். 'கண்டெடுக்கப்பட்டது' என்பதை அடித்துவிட்டு, 'கமோயா கிமேயு கண்டெடுத்தார்' என்று எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்கு எழுவாய் இருக்கிறது.