கையை வீசிக்கொண்டு காட்டுக்குப் போங்கள்!

கோடை விடுமுறை வந்தால் நம் வீடுகளில் ஊட்டியா, கொடைக்கானலா என்ற பேச்சு கிளம்பிவிடும். போவோம். படகில் ஏறுவோம், சாக்லேட் வாங்குவோம், நாலு போட்டோ எடுப்போம், திரும்பி வந்து மூட்டை மூட்டையாகத் துணி துவைப்போம். போன ஏப்ரலில் எங்கள் வீட்டில் ஒரு மாறுதல். பறவைகளையும் காட்டு விலங்குகளையும் பார்ப்பதற்கென்றே வால்பாறைக்குப் போனோம்.

"ஏம்மா, பறவை பார்க்க அத்தனை தூரம் போகணுமா? நம்ம பருத்திப்பட்டு ஏரியில இல்லாத பறவையா?" என்றார் என் மாமியார்.

கேட்டதில் நியாயம் உண்டு. எங்கள் ஏரியைச் சீர்செய்து 2019-ல் பூங்காவாகத் திறந்தார்கள். முக்குளிப்பான், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி, சிறகை விரித்து வெயில் காயும் நீர்க்காகம் என்று காலை நடையில் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பழக்கமே தொற்றியது. ஆனால் ஏரியில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். மழைக்காட்டில் அப்படி இல்லை. நூறடி மரத்தின் உச்சியில், இலைக்கு நடுவில் இருப்பது முதலில் காதில்தான் விழும்.

அந்த விஷயத்தில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது, சகோதரிகளே! குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கூடத்திலிருந்தே சொல்கிறோம். குழந்தை பசிக்கு அழுகிறதா, தூக்கத்துக்கு அழுகிறதா என்று குரலை வைத்தே தெரிந்துகொள்கிறோம். அந்தக் காதுக்குக் காடு ஒன்றும் கஷ்டமில்லை. விடியற்காலையில் யாரோ பள்ளிக்கூடத்துப் பையன் ராகமில்லாமல் சீட்டியடிப்பது போலக் கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. இரண்டாம் நாளே என் மகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

கோவை வரை ரயில், அங்கிருந்து பொள்ளாச்சி, அப்புறம் ஆழியாறு வழியாக மலையேறும் பஸ். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்! வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி போதும். வாந்தி வரும் குழந்தையை முன் சீட்டில் உட்காரவைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாறைச் சரிவுகளில் வரையாடு நின்றாலும் நிற்கும். அதுதான் நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மாநிலப் பறவையான மரகதப் புறாவும் இந்தக் காடுகளில் உண்டு.

ஆனைமலையின் இந்தப் பகுதியெல்லாம் ஒரு காலத்தில் அடர்ந்த மழைக்காடு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காப்பி, தேயிலைக்காக வெட்டத் தொடங்கினார்கள். இப்போது பச்சைக் கம்பளம் போலத் தேயிலை. நடுநடுவே ஒட்டுப்போட்டது போலத் துண்டு துண்டாகக் காடு. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம்.

முதல் நாள் காலை, வழிகாட்ட வந்த உள்ளூர்த் தம்பி ஓர் அத்தி மரத்துக்கு எதிரே எங்களை உட்காரவைத்தார். அரை மணி, முக்கால் மணி போயிற்று. இவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். திடீரென்று தலைக்கு மேலே புஸ்... புஸ்... என்று பழைய கரி ரயில் போல ஓர் ஓசை. "அக்கா, அசையாதீங்க. பெரிய இருவாச்சி" என்றார் தம்பி, மெல்லிய குரலில்.

அலகிலிருந்து வால் வரை மூன்றரை, நாலடி இருக்கும். மஞ்சள் அலகு, அதன்மேல் தொப்பி வைத்தாற்போல ஒரு புடைப்பு. கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெளுப்பாக இருந்தால் பெண்ணாம். வந்தது ஆண். பழம் பழமாகப் பறித்துத் தொண்டைக்குள் சேர்த்துக்கொண்டே இருந்தது. "எல்லாம் அதுக்கில்லைக்கா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகுது" என்று அந்தத் தம்பி சொன்ன சமாசாரத்தை இளந்தாய்மார்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இருவாச்சிப் பெண், முட்டையிடும் காலம் வந்ததும் பழைய பெரிய மரம் ஒன்றின் பொந்துக்குள் போய் வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்துப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடுகிறது. முட்டை பொரிய ஏறக்குறைய 40 நாள். குஞ்சு பறந்து வெளியே வர மொத்தம் நாலு மாதம் போல ஆகிவிடும். உள்ளே இருக்கையில் அதன் இறகுகளும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். நம் பக்கத்துப் பிரசவ அறை தோற்றது, போங்கள்! உள்ளே இருக்கும் நாளெல்லாம் புருஷன் கொண்டுவந்து கீற்று வழியாக ஊட்டுவதுதான் ஆகாரம். குஞ்சு வளர்ந்து தாய் வெளியே வந்த பிறகு குஞ்சு மறுபடியும் வாசலை அடைத்துக்கொள்ளுமாம். அப்புறம் இரண்டு பேருமாக ஊட்டுவார்கள்.

அந்த ஆணுக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? உள்ளே இருப்பவர்கள் பட்டினிதான். கூட்டுக்குப் பக்கத்தில் கும்பல் கூடிச் சத்தம் போட்டால், பயந்துபோன ஆண் ஊட்ட வரத் தயங்கும். "போட்டோ எடுக்கணும், கூட்டைக் காட்டுங்கன்னு நிறையப் பேர் கேட்பாங்க. காட்ட மாட்டேன்" என்றார் தம்பி. எனக்கு அவர்மேல் மதிப்பு கூடிவிட்டது.

மறுநாள் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைப் பார்த்தோம். கருத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இவை உண்டு. மரத்துக்கு மரம் தாவியே வாழும் ஜாதி. காடு துண்டாகிப் போனதால் தரையிலும் இறங்குகின்றன, ரோட்டையும் கடக்கின்றன. வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்த் துணியால் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் செய்த காரியம். வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தாய் அதன்மேல் நடந்துபோனதைப் பார்த்தபோது என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

பின்னாலேயே ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டார்கள். பாலத்தில் போன கூட்டத்தில் பாதி ரோட்டுக்கு இறங்கிவிட்டது! எனக்குப் பொறுக்கவில்லை. இவர் தடுக்கத் தடுக்கப் போய், "ஏம்மா, நம்ம குழந்தைக்கு நடுரோட்டில உட்கார வச்சுச் சோறு ஊட்டுவோமா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் மடியிலும் ஒரு கைக்குழந்தை. என்னையும் குரங்குக் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பிஸ்கட் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

நாம் தாய்கள், எதைப் பார்த்தாலும் ஊட்டத் தோன்றுவது நம் சுபாவம். ஆனால் காட்டில் அந்தக் கையைக் கட்டிக்கொள்வதுதான் உபகாரம். தீனி கிடைத்த இடத்துக்கே குரங்கு திரும்பத் திரும்ப வரும். அந்த இடம் ரோடு என்றால் முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் வேண்டாம். பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் பழைய பருத்தி உடைகளே உத்தமம். காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும்.

பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடியுங்கள். பார்வையை நகர்த்தாமல் அப்படியே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் இலையைத்தான் பார்ப்பீர்கள்!

மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். பதறிப் பிய்க்காதீர்கள். நகத்தை அதன் வாயோரம் கொடுத்து மெல்ல நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையாதபடி அது ஒன்றைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

யானையும் சிறுத்தையும் நடமாடும் ஊர். யானை பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியவும், செல்போனில் செய்தி வரவும் அங்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இருந்தாலும் அந்தி சாய்ந்தபின் குழந்தைகளை வெளியே விடாதீர்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் காட்டோரம் நடக்காதீர்கள். புறப்படுமுன் இ-பாஸ் விதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வால்பாறை வரை போக வசதிப்படாதவர்கள் வருந்த வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, காலையில் உங்கள் ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ குழந்தையைக் கூட்டிப்போங்கள். பார்த்த பறவையை அதையே எழுதச் சொல்லுங்கள். பொரி மட்டும் வேண்டாம்!