ஆளுக்கொரு பேச்சு, அவரவர் காதில்!

மேடை போட்டுப் பொய் பேசினால் ஊரே கேட்கும். ஆம்பூர் பஜாரில் ஒலிபெருக்கி கட்டினால் டேனரி முதலாளியும் கேட்பார், தோல் சுமக்கும் தொழிலாளியும் கேட்பார், சாமான் வாங்க வந்த விவசாயக் கூலியும் கேட்பார். "நேற்று வாணியம்பாடியில் வேறு மாதிரிப் பேசினாயே!" என்று ஒருவர் எழுந்து மடக்கவும் முடியும்.

செல்போன் பிரசாரத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. பணம் கட்டுகிறவன் ஆளைப் பொறுக்குகிறான். இன்ன ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், இன்ன வயது, ஆணா பெண்ணா, என்ன பாஷை, எதில் நாட்டம் என்று குறித்துக் கொடுத்தால், அவர்கள் கண்ணில் மட்டும் பேஸ்புக் அந்தச் சரக்கைக் காட்டும். போன் நம்பர் பட்டியலைக் கொடுத்தும் ஆளைப் பிடிக்கலாம். அவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் கம்பெனியே தேடித் தரும். பக்கத்து மெஷினில் ஷூ தைக்கும் பெண்ணுக்கு என்ன காட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பேஸ்புக் நமக்கு இலவசமாம்! அதன் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி 2024ல் வசூலித்தது சுமார் 16,400 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரப் பணம். அங்கே விற்பனையாகும் சரக்கு எது என்று இன்னும் சொல்ல வேண்டுமா?

வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இந்தக் கத்தி பாய்ந்தது. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் வேலை விளம்பரத்தை இளவயதினருக்கு மட்டும் காட்டிய சங்கதி 2017 டிசம்பரில் அம்பலமாயிற்று. வயதான தொழிலாளியின் மனுவை யாரும் தள்ளவில்லை. வேலை காலி என்றே அவருக்குத் தெரியாது! தொழிற்சங்கமும் சிவில் உரிமைச் சங்கங்களும் வழக்குப் போட்ட பிறகுதான், 2019 மார்ச்சில், வேலை, வீடு, கடன் விளம்பரங்களில் வயதும் பாலும் பார்த்துப் பிரிப்பதை நிறுத்த பேஸ்புக் சம்மதித்தது. அந்த ஒப்பந்தமும் அமெரிக்காவுக்குத்தான்.

நம் பக்கத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. பணம் கட்டாமலே, வாட்ஸ்அப்பில், இதே வித்தை நடந்தது. 2018 ஏப்ரல், மே மாதங்களில் வேலூர், திருவண்ணாமலை ஜில்லாக்களில், பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் இறங்கிவிட்டதாகத் தமிழில் ஒரு புரளி போனுக்குப் போன் பாய்ந்தது. குடியாத்தம் பகுதியில் வடநாட்டார் என்று கருதப்பட்ட ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். மே 9 அன்று போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி அதே கதிக்கு ஆளானார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் குற்றம். அவர் சென்னைக்காரர்!

ஐந்து வருஷம் கழித்து, 2023 மார்ச்சில், புரளி இந்தியில் வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைக் கொல்கிறார்கள் என்று, சம்பந்தமில்லாத சண்டைப் படங்களை ஒட்டிப் பரப்பினார்கள். பீகார் சர்க்காரே அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்ப வேண்டியதாயிற்று. தமிழனுக்கு வடநாட்டானைக் காட்டிப் பயம். வடநாட்டானுக்குத் தமிழனைக் காட்டிப் பயம். இரண்டும் ஒரே கை செய்ததென்று நாம் சொல்லவில்லை. பாஷைவாரியாக வெட்டிவிட்டதால் ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியவில்லை, அதுதான் சூட்சுமம்.

வெளியூர்த் தொழிலாளி நிஜமாகச் செத்தது எங்கே? 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் அருகே, தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தமிழ்த் தொழிலாளியும் வங்காளத் தொழிலாளியும் சேர்ந்து கொதிக்க வேண்டிய செய்தி. பணம் கட்டி அதைப் பரப்ப எந்த முதலாளி வருவான்?

எந்த விளம்பரமானாலும் பணம் கட்டியது யார், பொறுக்கப்பட்டது எந்தப் பகுதியார் என்று அதன் தலையிலேயே தமிழில் போடச் சட்டம் வேண்டும். போனில் ஆள் தேடும் கம்பெனி, அதே அறிவிப்பை ஆலை வாசலிலும் ஒட்ட வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, தோழர்களே! ஷிப்டு முடிந்து டீக்கடையில் உட்காரும்போது போன்களை மாற்றிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பீகார்த் தோழரின் போனையும் கேளுங்கள். நம்மைப் பற்றி அதில் என்ன வந்திருக்கிறது என்று அவரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.