சுமையும் சுமைதாங்கியும்

நவராத்திரி வந்தால் நம் வீட்டுக் கொலுப்படியில் ஒரு பீங்கான் பொம்மையாவது ஏறி உட்கார்ந்துவிடுகிறது. படியேறுவதற்கு முன்னால் அது எத்தனை தடவை தரையிலிருந்து தூக்கப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் பொம்மை வாய் திறக்கப் போவதில்லை. அதைச் செய்தவரின் முதுகெலும்பைத்தான் கேட்க வேண்டும்.

விருத்தாசலம் என்றதும் மணிமுத்தாற்றங்கரையும் பழமலைநாதர் சந்நிதியும் நினைவுக்கு வரும். அவ்வூருக்குப் பீங்கானால் வந்த கீர்த்தியும் ஒன்று உண்டு. அடுத்துள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கும் வெண்களிமண் அத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. பீங்கான் தொழில் நுட்பம் கற்பிக்கும் அரசினர் கல்வி நிலையமும் அங்கே இருக்கிறது. பொம்மை, அகல், மின்சார ப்யூஸ் கட்டை முதலியன செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல.

வேலையின் முறையைச் சற்றுக் கவனிப்போம். களிமண்ணோடு கற்பொடிகளையும் நீரையும் சேர்த்து, சுழலும் பீப்பாயில் அரைத்துக் குழம்பாக்குகிறார்கள். அதை வாளியில் மொண்டு பாரிஸ் சாந்து அச்சுகளில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உட்புறத்தில் களிமண் தோல்போலப் படிகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்து வடித்துவிட்டு, பண்டம் இறுகியதும் அச்சைப் பிரிக்கிறார்கள். அச்சு தரையில் இருக்குமானால் ஊற்றுவதற்கு ஒரு குனிவு, கவிழ்ப்பதற்கு ஒரு குனிவு, பிரிப்பதற்கு ஒரு குனிவு. நாளொன்றுக்கு நூறு அச்சு என்று வைத்துக்கொண்டால் முந்நூறு குனிவு ஆயிற்று. நீர் குடித்த அச்சு உலர்ந்த அச்சைவிடக் கனமானது என்பதையும் மறக்கலாகாது. பிறகு, பிசிர் சீவுகிறவர்கள் கழுத்தை மணிக்கணக்காகக் கவிழ்த்திருக்க வேண்டும். சூளை வண்டியில் பண்டம் அடுக்குகிறவருக்கோ அடித்தட்டுக்கு இடுப்பும் மேல்தட்டுக்குத் தோளும் கூலி கொடுக்கின்றன.

இந்த நோவு ஒரே நாளில் வருவதன்று. யந்திரத்தில் விரல் அகப்பட்டால் ஊரே ஓடிவரும். முதுகு பத்து வருஷம் தேய்ந்தால், "வயசாகிவிட்டது" என்று தொழிலாளியே சொல்லிக்கொண்டு தைலம் தடவிக்கொள்கிறார். நம் சட்டமும் ஏறக்குறைய இதே அபிப்பிராயத்தில்தான் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காயம் உண்டாக்கக் கூடிய பாரத்தை எவரையும் தூக்கச் செய்யலாகாது என்று 34ஆம் பிரிவில் விதித்தது. நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டுமென்று 44ஆம் பிரிவில் விதித்தது. நல்ல விதிகள்தாம். ஆனால் ஸர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய வியாதிகளின் அட்டவணையில் ஈய விஷமும் கற்பொடியால் வரும் நுரையீரல் நோயும் இடம்பெற்றனவேயன்றி, முதுகு வலிக்கு இடம் கிடைக்கவில்லை. மேலும், யந்திர சக்தியோடு 10 பேர், சக்தியின்றி 20 பேர் வேலை செய்தால்தான் அச்சட்டத்தின்படி அது தொழிற்சாலை. 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டமோ அந்த எண்களை 20, 40 என்று உயர்த்திவிட்டது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் கூடத்தின் வாசலுக்குச் சோதனை உத்தியோகஸ்தர் வந்து சேருவது அபூர்வமே.

ஆகவே அந்தச் சோதனையை முதலாளியும் தொழிலாளிகளும் சேர்ந்து தாங்களே நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலையை மனிதனுக்குப் பொருத்தும் இந்தச் சாஸ்திரத்துக்கு 1857இல் போலந்து தேசத்து அறிஞர் ஒருவர் எர்கனாமிக்ஸ் என்று பெயரிட்டார். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை. வேண்டிய கருவிகள் ஒரு நாடாவும் தராசும் கடியாரமுமே. அவற்றைவிட முக்கியமானது கேள்வி. இத்தாலி தேசத்து வைத்தியர் ரமத்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் யாதென்று கேட்கும்படி வைத்தியர்களுக்குப் புத்தி சொன்னார். குயவர்களைப் பற்றியும் அதில் எழுதினார். நாம் இன்னும் ஒரு படி சென்று, "எந்த வேலை முடிந்ததும் எந்த இடம் வலிக்கிறது?" என்று கேட்க வேண்டும். கேட்கிறவர் கையில் கூலிப் புத்தகம் இருக்கலாகாது. இருந்தால் எல்லோருக்கும் எல்லாம் சௌக்கியமாகிவிடும்!

பிறகு அளக்க வேண்டும். எடையை மாத்திரம் அளந்தால் போதாது. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, ஆடவர் கையால் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை எல்லையாகச் சிபாரிசு செய்தது. அமெரிக்க ஆராய்ச்சி நிலையமொன்று 1991இல் திருத்திய சூத்திரமோ, எல்லாம் அநுகூலமாக இருந்தாலே 23 கிலோ என்கிறது. சுமை கணுக்காலுக்கு நேரிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும்போது அந்த 23. தூரம் 50 சென்டிமீட்டர் ஆனால் அதில் பாதிதான். குனிந்தாலும் உடம்பைத் திருகினாலும் இன்னும் குறையும். குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கும் நம் பெண்கள் சூத்திரம் படிக்காமலே இதை அறிந்தவர்கள்.

நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள். பழைய சாலைகளில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் ஞாபகார்த்தமாக அவற்றை நிறுவுவது வழக்கம். தலைச்சுமைக்காரர் பிறர் உதவியின்றி, குனியாமல், பாரத்தை இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வழிப்போக்கருக்குக் கிடைத்த அந்த உபகாரம் கூடத்துக்குள் ஏன் நுழையவில்லை? அச்சுகளைத் தரையிலிருந்து இடுப்பளவு மேடைக்கு ஏற்றலாம். குழம்புத் தொட்டியை அதற்கும் மேலே வைத்து ரப்பர் குழாயால் இறக்கினால் வாளிக்கே வேலையில்லை. பிசிர் சீவுகிறவருக்குச் சுழல் பலகையும், முதுகு சாய நாற்காலியும் வேண்டும். கனத்த பண்டம் சூளை வண்டியின் நடுத்தட்டில் போகட்டும். இவையெல்லாம் தச்சரும் கொல்லரும் செய்து தரக்கூடியவை.

மேடையின் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நுண்ணிய வேலை முழங்கைக்குச் சற்று மேலேயும், அழுத்திச் செய்யும் வேலை அதற்குக் கீழேயும் இருப்பது நலம். எல்லோருடைய முழங்கையும் ஒரே உயரத்தில் இராதே என்பீர்கள். உயரமானவருக்குத் தக்கபடி மேடையை அமைத்து, குட்டையானவர் காலடியில் ஒரு பலகையைப் போட்டுவிடலாம். அந்தப் பலகை களிமண் குழம்பில் வழுக்குகிறதா என்று சோதனைக்காரர் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒரு தடவை அவரும் குனியட்டுமே!