மூட்டைக்கும் ஒரு வரம்பு வேண்டும்

மதிப்பிற்குரிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத் தலைவர் அவர்களுக்கு,

கோவையில் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கதிரியக்கப் பொருள்களின் சிறு அளவுகளுக்கு உரிமத்திலிருந்து அளிக்கப்படும் விலக்கு குறித்து இதை எழுதுகிறேன். அந்த விலக்கு கூடாது என்று கேட்க வரவில்லை. அது நியாயமானது என்று வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் வாதாடியவன். ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அந்தப் பாதி எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடை வாசலில் முடிகிறது.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இது எல்லோரும் படிக்கும் மடல் என்பதால் சிலவற்றை விளக்கிச் சொல்லியாக வேண்டும். கதிரியக்கம் அறவே இல்லாத பொருள் என்று எதுவும் நம்மைச் சுற்றி இல்லை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இருக்கும் பொட்டாசியத்திலேயே நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. எல்லாவற்றுக்கும் உரிமம் கேட்டால் வாழைத்தாருக்கும் கேட்க வேண்டியிருக்கும். எனவே ஒரு பொருளால் ஒருவருக்கு ஆண்டுக்கு 10 மைக்ரோசீவர்ட் அளவுக்கு மேல் கதிர்வீச்சு சேராது என்றால் அதை விட்டுவிடலாம் என்று சர்வதேச அணுசக்தி முகமை வகுத்தது. இயற்கையிலிருந்து உலக மக்கள் சராசரியாகப் பெறுவது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2,400 மைக்ரோசீவர்ட். அதோடு ஒப்பிட்டால் இது இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த 10 மைக்ரோசீவர்ட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு கதிரியக்க ஐசோடோப்புக்கும் ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள். சீசியம்-137 என்றால் 10,000 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்). கோபால்ட்-60 என்றால் ஒரு லட்சம். டிரிட்டியத்துக்கோ நூறு கோடி! அதன் பீட்டா கதிரால் தோலைக்கூடத் தாண்ட முடியாது என்பதால் இந்தத் தாராளம். அமெரிசியம்-241-இன் ஆல்ஃபா கதிராலும் தோலைத் தாண்ட முடியாதுதான். ஆனால் அதன் தூசு மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிட்டால் கதை வேறு. அதனால் அதற்கு வெறும் 10,000. மாணவர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு வரும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் மனித உடலை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

ஆனாலும் இந்தக் கோடுகள் இயற்கை கிழித்தவை அல்ல. அமெரிக்காவில் உரிமமின்றி வைத்துக்கொள்ளக்கூடிய சீசியம்-137-இன் அளவு 10 மைக்ரோகியூரி, அதாவது 3,70,000 பெக்கரல். சர்வதேசப் பட்டியலைப்போல 37 மடங்கு. கோபால்ட்டில் நிலைமை தலைகீழ்: அங்கே 37,000 பெக்கரல்தான். யார் கையில், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று எந்தச் சூழலை மனத்தில் வைத்துக் கணக்கிட்டார்களோ, அதற்கேற்ற எண் வந்திருக்கிறது. சூழல் மாறினால் எண்ணும் மாற வேண்டும். இதை முகமையே ஒப்புக்கொள்கிறது. மிதமான அளவுச் சரக்கில் கோபால்ட்-60 கிராமுக்கு 10 பெக்கரல்வரை இருக்கலாம். டன் கணக்கில் குவித்த சரக்கு என்றால் வரம்பு கிராமுக்கு 0.1 பெக்கரலாக இறங்கிவிடுகிறது. பொருள் ஒன்றுதான், குவியல்தான் வேறு. அமெரிக்க விதிகளிலும், கதிர்வீச்சைக் கூட்டும் நோக்கத்தோடு விலக்குப் பெற்ற துண்டுகளை ஒன்றுசேர்க்கக் கூடாது என்று தடை இருக்கிறது.

பழைய இரும்புக் கடைக்காரருக்கு அப்படி ஒரு நோக்கமும் கிடையாது. ஆனால் ஒன்றுசேர்ப்பதுதான் அவர் தொழில்.

எங்கள் ஊரில் அப்படியொரு கடையில் ஒரு சாக்குமூட்டையைப் பார்த்தேன். இடிக்கப்பட்ட பழைய கட்டடம் ஒன்றின் கூரையிலிருந்து கழற்றிய ஸ்மோக் டிடெக்டர்கள். அறுபது இருக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். மஞ்சளேறிய பிளாஸ்டிக்கின் அடியில், மிளகளவுக்குக் கதிரியக்கத்தைக் குறிக்கும் ஒரு மூவிதழ்ச் சின்னம். பக்கத்தில் ஆங்கிலத்தில் அமெரிசியம்-241, 33.3 கிலோபெக்கரல். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துத்தான் என்னால் படிக்க முடிந்தது. கடையில் வேலை பார்த்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து, சுத்தியலால் பிளாஸ்டிக்கை உடைத்து, உள்ளே இருந்த சிறு உலோகக் கூட்டைத் தனியே ஒரு பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தான். “சார், இதுல ஏதாவது பயமிருக்குங்களா?” என்று கேட்டான்.

கூரையில் தனியாக ஒன்று இருக்கும்வரை பயமில்லை. அமெரிசியம் ஒரு மெல்லிய உலோகத் தகட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. எண்ணளவில் 10,000 பெக்கரலைத் தாண்டினாலும், வடிவமைப்புக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால் பயன்படுத்துபவருக்கு உரிமம் தேவையில்லை என்று பல நாடுகள் வைத்திருப்பது இதனால்தான். அது சரியான முடிவும்கூட. தீ விபத்தில் அது காப்பாற்றும் உயிர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த மூட்டையில் இருந்தது மொத்தம் சுமார் 20 லட்சம் பெக்கரல், விலக்கு வரம்பைப்போல இருநூறு மடங்கு. அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டுகள். கட்டடம் இடிந்தது, வாங்கியவர் போய்ச் சேர்ந்தார், விற்ற நிறுவனம் மூடப்பட்டது. பெக்கரல் மட்டும் குறையவில்லை. அதைத்தான் அந்தப் பையன் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். உடைப்பதை நிறுத்தச் சொல்லி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். அதற்கு மேல் யாரிடம் சொல்வது, மூட்டையை யார் வந்து எடுப்பார் என்று அவன் முதலாளி கேட்டதற்கு, பணி முழுவதும் கதிரியக்கம் கற்பித்த என்னிடம் தெளிவான பதில் இல்லை.

கோவை பவுண்டரிகளின் ஊர். பம்ப்செட்டும் மோட்டாரும் இங்கே வார்க்கப்படுகின்றன; அதற்கான இரும்பில் பெரும்பங்கு இத்தகைய கடைகளிலிருந்துதான் வருகிறது. நான் போய்ப் பார்த்த சிறு பவுண்டரி எதிலும் வாசலில் கதிர்வீச்சு அளக்கும் கருவி இருந்ததில்லை. உலையில் விழுந்தபின் ஒவ்வொரு தனிமமும் ஒவ்வொரு வழியில் போகும். அமெரிசியம் கசடோடு ஒதுங்கும். சீசியம் ஆவியாகிப் புகைத்தூசியில் ஏறும். கோபால்ட் இரும்போடு இரும்பாகக் கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. 2008 அக்டோபரில் பிரான்ஸில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த எஃகு நம் நாட்டில் உருக்கப்பட்டது என்று தெரியவந்தது. அங்கே அதைக் கையாண்ட தொழிலாளர்கள் சுமார் இருபது பேர் பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பான 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டிக் கதிர்வீச்சு பெற்றிருந்தார்கள். எந்தக் குவியலில் எது எப்போது விழுந்தது என்று பின்னால் தேடுவது எவ்வளவு கடினம் என்பது உங்கள் வாரியத்துக்கு நன்றாகத் தெரியும்.

2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது இந்தச் சிறு அளவுக் கணக்கில் சேராது. 1985-க்குப் பிறகு பயன்படாமல் கிடந்த, வலுவான கோபால்ட் மூலம் கொண்ட ஒரு கருவி பல்கலைக்கழக ஏலத்தில் போய், ஓர் உயிரையும் கொண்டுபோனது. ஆனாலும் அதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அங்கும் பொருள் போய்ச் சேர்ந்த இடம் பழைய இரும்புக் கடைதான், அதை வெட்டியவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. சிறியதோ பெரியதோ, இந்நாட்டில் கைவிடப்பட்ட உலோகம் எல்லாம் கடைசியில் போய் நிற்பது அந்த வாசலில். நம் விதிகளோ அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன.

எனவே என் வேண்டுகோள் இது. ஒரு துண்டுக்கு வரம்பு போட்டது போல மூட்டைக்கும் போடுங்கள். கட்டடம் இடிப்பவர், ஏலம் எடுப்பவர் கையில் இவ்வகைப் பொருள்கள் இத்தனைக்கு மேல் சேர்ந்தால் தகவல் சொல்லியாக வேண்டும் என்றும், விற்றவர் திரும்ப எடுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றும் விதி வேண்டும். விற்றவர் இப்போது இல்லை என்றால் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். கொண்டுவந்து ஒப்படைப்பவரிடம் “இது உன்னிடம் எப்படி வந்தது?” என்று விசாரணை தொடங்கக் கூடாது. ஒரு தடவை அப்படி நடந்தால் அடுத்த மூட்டை ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் விழும். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். விதியில் அபராதம் எழுதுவது எளிது. அபராதத்துக்குப் பயந்து மறைக்கப்பட்டதைத் தேடி எடுப்பது எளிதல்ல.

லேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் இருக்கட்டும். எத்தனை பெக்கரல் என்பது சுத்தியல் பிடித்தவருக்குத் தேவையில்லை. உடைக்காதே, உருக்காதே, இந்த எண்ணுக்குப் போன் செய் என்ற மூன்றும் போதும்.

இதையெல்லாம் செய்ய ஆள் எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்தில் முதுகலை இயற்பியல் நடத்தும் கல்லூரிகளின் ஆய்வகங்களில் கதிர்வீச்சை அளக்கும் ஜிஎம் கவுண்ட்டர் இருக்கிறது. அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு இரண்டு கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குச் சில நாள் பயிற்சியும், எடுத்த பொருளைப் பூட்டி வைக்க ஈயப் பெட்டியும், அதை உரிய இடத்துக்கு அனுப்ப ஒரு நடைமுறையும் கொடுத்தால், கடைக்காரர் போன் செய்த அன்றே ஆள் போய் நிற்க முடியும். கோவையில் முதலில் தொடங்குவதென்றால் கல்லூரிகளின் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை நானே செய்து தருகிறேன். அந்தக் கடையில் மூட்டை இன்னும் கட்டியபடியே இருக்கிறது. அதை எங்கே கொடுக்கலாம் என்று எழுதினால் முதலில் அதை ஒப்படைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
கோயம்புத்தூர்.