சதவீதம் இருக்கட்டும், எத்தனை பேர்?

ஒரு சிகிச்சையில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. இன்னொன்றில் 86 பேருக்கு. உங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் என்றால் எதைக் கேட்பீர்கள்? ‘இதென்ன கேள்வி, 92-தான்!’ என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இது கற்பனைக் கணக்கு இல்லை. சென்னை சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறதே, அது 1956-ல் தொடங்கியபோது செய்த முதல் ஆய்வு. ஏழை நோயாளிகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம்: நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு வீடு: நெரிசல், அரை வயிற்றுச் சாப்பாடு. இரண்டு பிரிவுக்கும் அதே மாத்திரைகள், ஒரு வருஷத்துக்கு. 1959-ல் முடிவு வந்தது. சானடோரியம் 92, வீடு 86.

இதைத் தேவாரத்தில் இருந்துகொண்டு யோசித்துப் பாருங்கள். விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற ஓர் அம்மா. அவரைக் கொண்டுபோய் ஒரு வருஷம் சானடோரியத்தில் படுக்க வைத்தால் கூலி போச்சு. பிள்ளைகளை யார் பார்ப்பது? அந்த 6 சதவீதத்துக்கு அவர் கொடுக்கும் விலை அது. அப்படியென்றால் அந்த 6 கெட்டியான 6-தானா என்று தட்டிப் பார்க்க வேண்டாமா?

ஒவ்வொரு பிரிவிலும் இருந்தது சுமார் 80 பேர். 6 சதவீதம் என்றால் ஐந்தே பேர்! குலுக்கலில் சீட்டு கொஞ்சம் மாறி விழுந்திருந்தால்கூட மறைந்துபோகக் கூடிய வித்தியாசம். இதுவே 8000 பேரில் என்றால் 480 பேர். அப்போது அலட்சியம் செய்ய முடியாது. பத்திரிகைகள் சதவீதத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுத் தலைக்கணக்கை விட்டுவிடுவதுதான் எனக்கு எரிச்சல். (சத்து பான விளம்பரங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்!)

‘வீட்டிலேயே வைத்திருந்தால் குழந்தைகளுக்கு ஒட்டிக்காதா?’ நியாயமான பயம். அதையும் ஊகத்துக்கு விடவில்லை. ஐந்து வருஷம் குடும்பத்தாரைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால்தான் தொற்றும் அபாயம் அதிகம்.

இன்று காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மாத்திரைதான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கி, வீட்டிலிருந்தபடியே சாப்பிடுகிறார்கள்.