சும்மா நிற்கும் ராஜா

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு இந்த வார விஷயம் பாதி புரிந்த மாதிரிதான். கையில் ராஜாவும் ஏஸும் வந்தால் வீட்டுப் பொடிசுகள் குதிக்கும். விவரமான அத்தையோ அந்த ராஜாவைச் சட்டென்று கீழே போட்டுவிட்டு, ஸ்பேட் 5, 6 இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு 7-க்காகக் காத்திருப்பார். தனியாகப் பார்த்தால் அந்த 7-க்கு என்ன பெருமை? சேருகிற இடத்தில் சேர்ந்தால்தான்.

இதே கணக்கை ஒரு பெரிய கதைக்குள் வைத்த விளையாட்டு, 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: த கார்டு கேம்'. ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் 2011-ல் வெளியிட்டது. டோல்கீனின் கதையுலகில் நடப்பது. இதில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் வேலையே கிடையாது. ஆடுகிற எல்லோரும் ஒரே கட்சி. எதிரி, மேஜை நடுவில் இருக்கும் இன்னொரு கட்டு. சுற்றுக்குச் சுற்று அதிலிருந்து அரக்கர்களும் ஆபத்தான இடங்களும் வந்துகொண்டே இருக்கும். ஜெயித்தால் எல்லோரும் சேர்ந்து ஜெயிப்போம், தோற்றாலும் அப்படியே.

ஒவ்வொருவரும் அதிகபட்சம் 3 நாயகர்களையும், குறைந்தது 50 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டையும் தாங்களே தேர்ந்தெடுத்துத் தயாரித்துக்கொண்டு வர வேண்டும். ஒரே சீட்டில் 3 பிரதிக்கு மேல் கூடாது. புதிதாக ஆடுகிறவர்கள் செய்கிற தவறு, கண்ணில் படுகிற பலசாலிகளை எல்லாம் அள்ளிப் போடுவது. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு மேலேயே ரசத்தை ஊற்றின கதையாகிவிடும். ஆளுக்கொரு திசை இழுப்பார்கள்.

நான் தயாரித்தது குள்ளர் படை. டெயின் அயர்ன்ஃபுட், தோரின் ஓக்கன்ஷீல்ட், ஓரி என்று 3 நாயகர்கள். தோரினுக்கு ஒரு குணம்: என் பக்கம் 5 குள்ளர்கள் சேர்ந்துவிட்டால் சுற்றுக்கு ஒரு காசு கூடுதலாகத் தருவார். ஓரியும் அப்படித்தான், 5 பேர் இருந்தால் ஒரு சீட்டு கூடுதல். நாயகர்களே 3 குள்ளர்கள் என்பதால் இன்னும் 2 பேரைக் களத்தில் இறக்கினால் போதும், கடை களைகட்டிவிடும்.

ஆனால் படையின் உயிர் டெயின்தான். இந்த ஆட்டத்தில் ஒருவர் சண்டைக்கோ பயணத்துக்கோ போனால் அவர் சீட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். டெயினின் சீட்டு சாயாமல் நிமிர்ந்து இருக்கும்வரை, குள்ளர்கள் ஒவ்வொருவருக்கும் தாக்குதலில் 1, மன உறுதியில் 1 கூடும். அதாவது ராஜா ஒரு வேலையும் செய்யக் கூடாது. சும்மா நிற்பதுதான் அவர் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. கை சும்மா இருக்க வேண்டுமே!

காசுக்கும் நிறம் உண்டு. டெயினும் தோரினும் ஊதா, ஓரி மட்டும் பச்சை. பச்சைச் சீட்டுக்குப் பச்சைக் காசுதான் செல்லும். அதனால் பச்சையைக் குறைத்து ஊதாவை அதிகம் வைத்தேன். கட்டை 50-க்கு மேல் போகவும் விடவில்லை. ஒரு சீட்டு கூடினாலும், வேண்டிய சீட்டு கைக்கு வருவது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

கட்டு அருமையாக ஓடியது. அதுதான் பிரச்னையே. எட்டாவது படிக்கும் என் மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். 2 ஆட்டம் முடிந்ததும், "அப்பா, எல்லாத்தையும் நீங்களே பண்ணிடறீங்க. நான் எதுக்கு? உங்களுக்குச் சீட்டு எடுத்துக் குடுக்கவா?" என்று கேட்டுவிட்டு போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஜெயித்திருந்தோம், அவளுக்கு அதில் பங்கு இல்லை. மறுநாள் வா என்றால், "ஹோம்வொர்க் இருக்கு."

அன்று ராத்திரி சீட்டுகளில் இருக்கும் பொடி எழுத்தை நிதானமாகப் படித்தேன். தோரின், ஓரி இருவர் சீட்டிலும், எண்ண வேண்டியது என் வசம் இருக்கும் குள்ளர்களை மட்டும். டெயின் சீட்டில் அந்த வரம்பு இல்லை! மேஜையில் யாருடைய குள்ளராக இருந்தாலும் அவர் பலன் போய்ச் சேரும். இத்தனை நாள் அதை என் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு கெஞ்சிக் கூட்டிவந்து அவளுக்கு ஒரு கட்டு சேர்த்தோம். இல்லை, அவளே சேர்த்தாள்; நான் டெயின் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவள் எடுத்தது கிம்லி, லெகோலஸ், எயோவின். கிம்லி குள்ளர். உடம்பில் எத்தனை காயமோ அத்தனை தாக்குதல் கூடும் விசித்திரப் பிறவி. 'சிட்டடல் பிளேட்' என்ற கவசத்தை மாட்டிவிட்டால் அவருடைய உயிர்ப்புள்ளி 5-லிருந்து 9 ஆகும். அதாவது இன்னும் நிறைய அடி வாங்கி இன்னும் பலமாகத் திருப்பிக் கொடுப்பார். கவசத்தின் விலை 4 காசு. அவளுடைய சிவப்புக் காசில் அது சேர நாளாகும்.

என்னிடம் 'ஸ்டூவர்ட் ஆஃப் கோண்டோர்' இருந்தது. அதை எந்த நாயகருக்குப் போட்டாலும் சுற்றுக்கு 2 காசு கூடுதல். வழக்கமாகத் தோரினுக்குப் போடுவேன். இந்தத் தடவை மேஜையைத் தாண்டி அவளுடைய கிம்லிக்குப் போட்டேன். (ஒரு குள்ளர் கோண்டோர் நாட்டுக்கு நிர்வாகியா என்று டோல்கீன் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். விதி அனுமதிக்கிறது.) அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆடியது அடிப்படைப் பெட்டியில் இருக்கும் ஆண்டுயின் நதிப் பயணம். தொடக்கத்திலேயே ஒரு மலைப் பூதம் வந்து நிற்கும். தாக்குதல் 6, தற்காப்பு 3, உயிர்ப்புள்ளி 9. நம் ஆபத்து எண் 30-ஐத் தொட்டால் பாயும். நாயகர்களைப் பொறுத்துத் தொடக்க எண் அமையும். சுற்றுக்கு 1 ஏறும். ஆக ஒரு சுற்றில் பூதம் என் மேல் பாய்ந்தது.

அந்தச் சுற்றில் பயணத்துக்கு அவள் ஆட்களே போனார்கள். எயோவினின் மன உறுதி 4. கையிலிருந்து ஒரு சீட்டை வீசினால் 1 கூடும். அதை ஒவ்வொரு ஆட்டக்காரரும் சுற்றுக்கு ஒரு முறை செய்யலாம் என்பதால் நானும் ஒன்றை வீசினேன். ஆக 6. கிம்லியின் 2, டெயின் தயவில் 3. மொத்தம் 9. வழி திறந்தது.

இப்போது பூதத்தின் அடியை யார் வாங்குவது? டெயினுக்குத் தற்காப்பு 3, உயிர்ப்புள்ளி 5. தாங்கிவிடுவார். என் கை அங்கேதான் போனது. "அப்பா! அவர் சாயக் கூடாது" என்றாள். உண்மைதான். டெயின் சாய்ந்தால் தோரின் 3, ஓரி 2, சுத்தியல்காரக் குள்ளர் 1, அவளுடைய லெகோலஸ் 3, எல்லாம் சேர்ந்து 9. பூதத்தின் தற்காப்பைக் கழித்தால் 6 தான் இறங்கும். பூதம் பிழைத்துக்கொள்ளும். டெயின் நிமிர்ந்து நின்றால் 4, 3, 2, 3. மொத்தம் 12. தற்காப்பு 3 போக மிச்சம் சரியாக 9.

ஒரு காசுக்கு வாங்கிய ஸ்நோபோர்ன் சாரணனை முன்னால் நிறுத்தினேன், பாவம். அவன் விழுந்தான், மிஞ்சிய அடிக்கு ஆபத்து எண் 4 ஏறியது. எண் 50 ஆனால் நான் ஆட்டத்தை விட்டே வெளியே, எனவே இதுவும் சின்ன விலை இல்லை. பிறகு எல்லோரும் பாய்ந்தார்கள். லெகோலஸ் வில்லாளி என்பதால் என் எதிரியையும் அவள் இடத்திலிருந்தே அடிக்கலாம். பூதம் சரிந்தது. லெகோலஸ் பங்கெடுத்த சண்டையில் எதிரி செத்தால் பயணம் 2 படி முன்னேறும் என்பதைக்கூட நான் மறந்துவிட்டேன், அவள்தான் எடுத்து வைத்தாள்.

ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டெயினும் தோரினும் ஓரியும் அடிப்படைப் பெட்டியில் இல்லை. பின்னால் வந்த பெட்டிகளில் வந்தவர்கள். வாங்குமுன் எதில் யார் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிம்லி, கவசம், எயோவின், லெகோலஸ் நால்வரும் 2011 அடிப்படைப் பெட்டியிலேயே உண்டு. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

நதியை நாங்கள் கடக்கவில்லை. கடைசிக் கட்டத்துக்கு முன்பே மாட்டிக்கொண்டோம். மகள் இப்போது என் கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பி வைத்திருக்கிறாள். சாரணன் 3 பேர் போதாதாம், வேறு ஆள் வேண்டுமாம்.