அமெரிக்கத் துப்பாக்கி நம் கடலைக் காட்டுக்கு ஆகுமா?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன், பண்ணையில் காட்டுப்பன்றி சுடும் வீடியோ அனுப்பினான். கைப்பிடிக்குக் கீழே உள்ள வளையத்தை இறக்கி ஏற்றிச் சுடுகிறார்கள். ஒன்று குட்டைக் குழல், ஒன்று நீளக் குழல். பன்றியால் இந்த வருடமும் நிலக்கடலை போய்விட்டது. அதுபோல் ஒன்று வாங்க வழி உண்டா? எந்தக் குழல் நல்லது?
- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நீங்கள் பார்த்தது 'லீவர் ஆக்‌ஷன்' ரைபிள். வளையத்தைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். வின்செஸ்டர் கம்பெனியின் 1873, 1894 மாடல்கள் இதில் பேர்போனவை.

குழல் 16 அங்குலம், 20 அங்குலம், 24 அங்குலம் என்று வரும். நீளக் குழலில் குண்டு கொஞ்சம் வேகமாகப் போகும். துப்பாக்கியின் எடை முன்பக்கம் இருப்பதால் குறி ஆடாது. குட்டைக் குழல் புதரிலும் வண்டியிலும் கையாளச் சுலபம். ஆனால் சத்தம் காதை அடைக்கும், குழல் வாய் சட்டென்று பக்கத்து ஆள் மேல் திரும்பிவிடும். 50 மீட்டரில் நிற்கும் பன்றிக்கு இந்த நீள வித்தியாசம் பெரிதில்லை. பெரிய விஷயம் வேறு. ரைபிள் குண்டு குறி தவறினால் ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். அங்கே பண்ணைகள் பரந்து கிடக்கின்றன. நம் ஊரில் அடுத்த வரப்பில் இன்னொருவர் கட்டில் போட்டுக் காவல் இருப்பார்.

சட்டத்துக்கு வருவோம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சொல்வது குழல் வாய் வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி கருதினால், உள்ளே வரி இல்லாத வழுவழுப்பான குழல், குறைந்தது 20 அங்குல நீளம் உள்ள துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். லீவர் ரைபிளின் குழலில் உள்ளே திருகு வரி உண்டு. ஆகவே அது இந்தக் கணக்கில் வராது. மருமகனை அனுப்பச் சொல்லாதீர்கள். இறக்குமதிக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள விலங்கு. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை:

1. உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. பாதிக்கப்பட்ட விவசாயிகள் சேர்ந்து வனச்சரகரிடம் மனு கொடுங்கள். தனி மனுவை விட ஊர் மனுவுக்கு வலு அதிகம்.

3. சேதத்தை அன்றே போட்டோ எடுத்து, சிட்டா, அடங்கலுடன் இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். உழுதுவிட்டுப் போனால் பார்வையிட வருபவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

4. அடுத்த பட்டத்தில் வரப்பைச் சுற்றி ஆமணக்கை நாலு வரிசை நெருக்கி விதையுங்கள். சோலார் வேலி பற்றி வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் வேண்டவே வேண்டாம். இருட்டில் அந்தக் கம்பியை மிதிப்பது தண்ணீர் கட்டப் போகும் உங்கள் மகனாகவும் இருக்கலாம்.